கிணற்றுக்குள் மேகச் செடி

தையல்நாயகிக்கு அந்தச் செடியைக் கொண்டுவந்து கொடுத்தது அவள் தம்பி சீனுவாசன். ஊட்டியில் கேரட் மூட்டை ஏற்றி விழுப்புரத்தில் இறக்குகிற லாரி டிரைவர். கோத்தகிரி பக்கம் மழையில் முறிந்து ரோட்டில் கிடந்த கிளையில் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

"ஆர்க்கிட்டுன்னு பேருக்கா. மண்ணே வேணாம். மேகத்தக் குடிச்சிக்கினே வாழுமாம்" என்றான்.

மண் வேண்டாத செடியா? திண்டிவனத்துக்கும் பெருமுக்கலுக்கும் நடுவில் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் இதை நம்புவாளா? லாரி தலை மறைந்ததும் குழி வெட்டி, எரு போட்டு, மல்லாட்டைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றி ராஜ உபசாரம் செய்தாள். சின்ன வெங்காயம் போலிருந்த கிழங்குகள் ஒவ்வொன்றாக அழுகின. மிஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதே விட்டாள்.

வழி காட்டியது மோட்டார்தான். கிணற்றில் பாதிப் படி இறங்கினால், பைப்பில் வாஷர் போய், தண்ணீர் புகை மாதிரி பீச்சியடித்துக்கொண்டிருக்கும். மேலே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அங்கே மட்டும் சிலுசிலுவென்றிருக்கும். மேகம் என்றால் இதுதானே என்று அவளுக்குப் பட்டது. கிழங்கை மரத்துண்டில் தேங்காய் நாரோடு சேர்த்துக் கட்டி, கல் இடுக்கில் செருகினாள். செடி பிழைத்துக்கொண்டது. அதன்பிறகு அவள் கணவன் கண்ணையன் வாஷர் மாற்ற ஸ்பேனரை எடுத்தாலே வீட்டில் சண்டை.

"ஒழுவுற பைப்பத் தொடாதேன்னு சொல்ற பொம்பளைய நான் எங்கியும் பார்த்ததில்லப்பா" என்று டீக்கடையில் புலம்பினான்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடுவதே பெரிய பாடு. கரும்பு சுருண்டது. வெடி வைத்து ஆழப்படுத்த வேண்டியதுதான் என்று கண்டாச்சிபுரத்திலிருந்து முத்துசாமி மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டான் கண்ணையன். செடியோ அப்போதுதான் முதல் முதலாக மொட்டு விட்டிருந்தது.

"எடுத்து வேற எங்கனா வையேன்டி."

"வெளிய எடுத்தா இந்த வெயில்ல ஒரு பொழுது தாங்காதுங்க. பூவ ஒரு தபா கண்ணால பார்த்துக்கிறேன், அப்புறம் வைங்க உங்க வெடிய."

"கரும்பு காய்ஞ்சா உன் பூவையா ஆலைக்கு அனுப்புறது?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

வெடி வைக்கிற நாள் காலையில் மேஸ்திரி கற்பூரம் கொளுத்தி, கிணற்றைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே ஏறி வந்தார்.

"உள்ள பூ பூத்திருக்குதுங்க."

"பூத்தா இன்னா?" என்றான் கண்ணையன்.

"நல்லா கேட்டீங்க போங்க! கங்கம்மா தலையில பூ வச்சிக்கினு உக்காந்திருக்கா. அந்த மாதிரி கெணத்துல எங்க அப்பன் காலத்துலேர்ந்தே வெடி வைக்கிறதில்ல. அது தானா உதிரட்டும், வர்றேன்."

தையல்நாயகி விழுந்தடித்து ஓடிப்போய்ப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, நடுவில் மஞ்சள் தீற்றலோடு, ஒரே காம்பில் வரிசையாகப் பூத்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கண்ணையன் அசரவில்லை. மல்லி ஒரு ராத்திரி, சாமந்தி ரெண்டு நாள். இது மட்டும் எத்தனை நாளைக்கு? மறுநாள் இறங்கிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் ஒரு இதழ்கூடச் சுருங்கவில்லை. "இன்னாடி இது, பேஜாரு புடிச்ச பூவா இருக்குது!" என்று தினமும் திட்டிக்கொண்டே இறங்கினான். நடுவில் ஒரு கோடை மழை கொட்டி, கிணற்றில் தண்ணீர் ஊறி, கரும்பு தலை நிமிர்ந்தது. அதற்குப் பிறகும் இறங்கினான். திட்டுதான் குறைந்தது. வளவனூரிலிருந்து பங்காளிகளைக் கூட்டிவந்து, "தள்ளி நின்னு பாருங்கடா, மூச்சு படப்போவுது" என்று அவன் அதட்டியதை அவளே காதால் கேட்டாள்.

ஒருநாள் பூ உதிர்ந்தது. சேதி எப்படியோ எட்டி, மேஸ்திரி ஆட்களோடு வந்து நின்றார். மழை பெய்தால் என்ன, அடுத்த கோடைக்கு ஆழம் வேண்டுமே. தையல்நாயகி மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். பூவைப் பார்த்தாயிற்று, அவள் கேட்டது அவ்வளவுதான்.

"இருங்க, நானே ஒரு தபா பார்த்துட்டு வர்றேன்" என்று கண்ணையன் இறங்கினான். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேஸ்திரி! இன்னொரு மொட்டு வுட்டுக்கினு இருக்குது. அப்புறமா வாங்க!"

அவளும் இறங்கினாள். செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மொட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கண்ணையன் அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கங்க மொட்டு?"

"வரும்டி. வராமலா போயிடும்?"

மேலேயிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மெய்யாவா?"

பொங்கி வந்த சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு, கிணறே அதிரும்படி கத்தினாள் தையல்நாயகி.

"மெய்தான் மேஸ்திரி! பெரிய மொட்டு!"