எழுபத்தெட்டு கிலோ மாப்பிள்ளைகள்

"உங்க எடை எவ்வளவு சார்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"எழுபத்தெட்டு" என்றார் பெரிய மாப்பிள்ளை, கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்தில் நின்ற சின்ன மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுபத்தெட்டு என்பது பெரிய மாப்பிள்ளை பள்ளிக்கூடம் முடித்த வருஷத்து எடையாக இருக்கலாம். அதற்கப்புறம் அவர் ஒரு வேளையாவது பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை.

ஒரே வீட்டில் அக்காவையும் தங்கையையும் கட்டிய சகலைகள் அவர்கள். பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்பது மாமனார் வீட்டில் வைத்த பேர். பெரியவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். அவர் உள்ளே வந்தால் அறை சின்னதாகிவிடும். பேச ஆரம்பித்தால் இன்னும் சின்னதாகிவிடும். சின்னவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கல்யாண ஃபோட்டோவில் அவனுடைய கோட்டுதான் தெரியும். அதற்குள் அவனைத் தேட வேண்டும். "காத்தடிக்குது, சின்ன மாப்பிள்ளையைப் பிடிச்சுக்கங்கப்பா" என்ற ஒரே ஜோக்கைப் பெரியவர் பத்து வருஷமாகச் சொல்லி வந்தார். மாமனாரும் பத்து வருஷமாக அதைப் புதிதாகக் கேட்பதுபோலவே சிரித்து வந்தார்.

அப்பேர்ப்பட்ட பெரியவர் சில மாதங்களாக ஜோக்கே சொல்லவில்லை. நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து அனுப்பியதிலிருந்து ஆளே மாறிப்போனார். வண்டி ஓட்டலாம், நடக்கலாம், நீந்தக்கூடச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் டிரைவிங் ஸ்கூல் காருக்கு உறை போட்டு மூடியவர் அதைத் திறக்கவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து கழிமுகம் தெரியும். கடல் ஊருக்குள் புகுந்து, அலையெல்லாம் அடங்கி, குளம்போல் நிற்கும் இடம். அங்கே நீளமான பலகைகளில் நின்றபடி, ஒற்றைத் துடுப்பை வலித்துக்கொண்டு ஆட்கள் போவார்கள். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தபின் அவர் வாயிலிருந்து வந்த ஒரே ஆசையும் அதுதான்: "நானும் அப்படி நின்னு போகணும்."

பெரியவரைக் கட்டிய அக்கா உடனே சின்னவனுக்கு ஃபோன் போட்டாள். "தம்பி, அந்த மனுஷன் இது வேணும்னு ஒண்ணைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! நீங்களும் கூடப் போங்க. அவர் பழையபடி எழுந்து நடமாடினா போதும் எனக்கு."

அதனால்தான் கழிமுகக் கரையில் இருந்த இந்தப் பலகைக் கடை. கூட சின்னவனின் மனைவியும் வந்திருந்தாள்.

கடைக்காரப் பெண் பெரியவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "பின்னாடி எடை மிஷின் இருக்கு சார்."

"எதுக்கும்மா? ஆஸ்பத்திரியில பார்க்காத எடையா?"

"சரி. கூட ஓட்டப்போறது இந்த சாரா? உங்க எடை சார்?"

"அவரை விடும்மா" என்றார் பெரியவர். "துடுப்பையும் சேர்த்து நிறுத்தினாலும் அம்பது தேறாது."

சின்னவனின் மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். இத்தனை மாதம் கழித்து அவர் சொன்ன முதல் ஜோக். சின்னவன் நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவனுக்குச் சுருக்கென்றது.

"எழுபத்தெட்டு" என்றான்.

மனைவி அவனுக்குக் கொம்பு முளைத்ததுபோலத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் சிரிக்க வாயைத் திறந்தார்; திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். இவனை மிஷினில் ஏற்றினால் அடுத்து ஏறப்போவது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"ரெண்டு பேரும் ஒரே எடை. ரொம்ப வசதி" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல். "அகலம் கூடினா ஆட்டம் குறையும். நீளம் கூடினா ஓட்டம் நல்லாருக்கும். ஆனா எல்லாத்துக்கும் முதல்ல எடைதான். நீங்க சொல்றதை நம்பித்தான் எடுத்துத் தர்றேன். எனக்கு முகதாட்சண்யம் உண்டு சார், போர்டுக்குக் கிடையாது. முதல்ல வாடகைக்கு ரெண்டு மூணு எடுத்து ஓட்டிப் பாருங்களேன்?"

"வாடகைக்கு எடுத்தா மனசும் வாடகை மனசாத்தான் இருக்கும். வாங்கிடறோம்" என்றார் பெரியவர்.

இருவருமே அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். சுருட்டிப் பையில் போட்டு லிஃப்டில் கொண்டுபோகிற மாதிரி, காற்றடிக்கிற வகையில் நீல நிறப் பலகை ஒன்றை வாங்கினார்கள். எழுபத்தெட்டு கிலோ ஆளுக்கு அளவெடுத்தாற்போல் இருக்கும் என்றாள் அந்தப் பெண்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பம்பு அடித்தே சின்னவனுக்குப் பாதி உயிர் போனது. பெரியவரை யாரும் அடிக்க விடவில்லை. அவர் கரையில் மிதவைச் சட்டையோடு நின்று, "விடாதே, விடாதே, இன்னும் பத்து!" என்று உற்சாகப்படுத்தினார். கடைக்காரப் பெண் அன்று கரைக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள். முதலில் முழங்கால் போட்டு உட்காருங்கள். ஆழமான இடத்துக்குப் போனபின் ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்திருங்கள். நடுவில் இருக்கும் கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். கீழே பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். கணுக்காலில் கட்டிய கயிறு பலகையை விடாது. அதனால் விழுந்தால் பயமில்லை.

சின்னவன் இரண்டாவது முயற்சியிலேயே நின்றுவிட்டான். நின்றது மட்டுமா, துடுப்பை வலித்தான், போனான், திரும்பினான். கரையிலிருந்து மனைவி கை தட்டினாள்.

பெரியவர் முழங்காலில் இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எழுந்தார்; பலகை இடதுபக்கம் ஒரு ஆட்டு, வலதுபக்கம் ஒரு ஆட்டு ஆட்டி அவரைத் தண்ணீரில் தள்ளியது. மறுபடி ஏறினார், மறுபடி தள்ளியது. அன்று முழுவதும் அவர் நின்ற நேரத்தைவிட விழுந்த நேரம்தான் அதிகம்.

"முதல் நாள்தானேண்ணே" என்றான் சின்னவன், தலையைத் துவட்டியபடி. குரலில் தேன் வழிந்தது.

அந்த வாரம் மாமனார் ஃபோன் பண்ணினார். "என்ன சின்ன மாப்பிள்ளை, தண்ணியில நடக்கறீங்களாமே!" பத்து வருஷத்தில் அவர் தானாகக் கூப்பிட்டுப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. சின்னவன் அன்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி துடைக்கும் துணியை இனாமாகக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த சின்னவன் அதைப் பார்த்தான். பெரியவர் எழுந்து நின்றதும் பலகையின் விளிம்பு தண்ணீருக்குள் போனது. மேல்பக்கமெல்லாம் தண்ணீர் ஏறி அவர் பாதத்தை நனைத்தது. அவன் நிற்கும்போது அந்த இடம் எப்போதும் காய்ந்தே கிடக்கும்.

பெரியவர் கடையில் எழுபத்தெட்டு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவன் கடைக்கும் இப்படிச் சிலர் வருவார்கள். பார்வை நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள, காத்திருக்கும்போதே சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிப்பார்கள். சொன்னபடியே கண்ணாடி வாங்கிப் போவார்கள். ஒரே வாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். கண்ணாடியில் கோளாறு, கண்ணில் கோளாறு என்பார்கள். தாங்கள் சொன்னதில் கோளாறு என்று மட்டும் யாருக்கும் தோன்றாது.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் கரையில் மனைவி பக்கத்திலிருந்தவளிடம், "அதோ, அவர்தான் எங்க வீட்டுக்காரர். பிறவியிலேயே வந்திருக்கு போல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு வாரம் போகட்டுமே என்று நினைத்தான் சின்னவன்.

அந்த வாரம் போகவில்லை. வியாழக்கிழமை பெரியவரே ஃபோன் பண்ணினார்.

"தம்பி, போர்டை நீயே வெச்சுக்கோ. நான் இனிமே வரலை."

"ஏண்ணே, இன்னும் கொஞ்சம் பழகினா..."

"பழக்கம் இல்ல தம்பி. உடம்பு போச்சு. நெஞ்சு மட்டும்தான்னு நினைச்சேன், கால்லயும் பிடிமானம் இல்ல. ஒரு பலகையில நிக்க முடியாதவன் நடுரோட்டுல பக்கத்து சீட்டுல உட்கார்ந்து இன்னொருத்தன் உயிருக்கு எப்படிப் பொறுப்பாவேன்? காரை வித்துடலாம்னு உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன்."

சின்னவன் அன்று கடையைச் சீக்கிரமே மூடினான்.

பெரியவர் வீட்டில் ஹால் விளக்கு எரிந்தது. சோபா, டீப்பாயில் மாத்திரை டப்பா, ஒலியில்லாமல் ஓடும் டிவி. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கோபமாகக் கேட்டது.

"அண்ணே, நான் அம்பத்தாறு" என்றான் சின்னவன், உட்காராமலேயே.

"உனக்கு நாற்பதுகூட ஆகலையே?"

"வயசு இல்லண்ணே. கிலோ."

பெரியவர் நாடியை விட்டார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? எனக்கு உன் கல்யாணத்தன்னிக்கே தெரியும்."

"முழுசாக் கேளுங்க. அந்தப் போர்டு எழுபத்தெட்டு கிலோ ஆளுக்கு. நான் அதைவிட இருபத்திரண்டு கிலோ கம்மி. என்னை அது தாம்பாளத்துல வெச்சுத் தூக்கிட்டுப் போகுது. அதுல நிக்கறதுக்குத் திறமையே வேண்டாம். என் வீட்டுக்காரி பிறவியிலேயே வந்திருக்குங்கறா. ஒரு மண்ணும் வரலை. எடை கம்மியா வந்திருக்கு, அவ்வளவுதான்."

பெரியவர் திரும்பி டிவியைப் பார்த்தார்.

"போன ஞாயிறே எனக்கு இது தெரிஞ்சுபோச்சு" என்றான் சின்னவன். "சொல்லலை. உங்களை ஜெயிக்கிறது நல்லாருந்துச்சு. உங்க கால்ல ஒண்ணும் இல்லண்ணே. நீங்க ஏறினதும் போர்டு தண்ணிக்குள்ள போகுது. அதுல நீச்சல் சாம்பியன் ஏறினாலும் ஆடத்தான் செய்யும், அவன் எடையும் உங்களை மாதிரி..." அங்கே நிறுத்திக்கொண்டான். மீதியை அவர்தான் சொல்ல வேண்டும்.

பெரியவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, ரகசியக் குரலில், "நூத்தி நாலு" என்றார்.

"நூத்தி ஏழு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "எழுபத்தெட்டுன்னா சொல்லிவெச்சீங்க? அதுக்காகவா மூணு வாரமா உடம்பு போச்சு, உசுரு போச்சுன்னு வீட்டை இழவு வீடாக்கினீங்க?"

"இவனும்தான் எழுபத்தெட்டுன்னான்" என்று பெரியவர் சின்னப் பிள்ளைபோல் கையை நீட்டினார்.

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவருக்கும் வந்தது. அவர் வயிறு குலுங்கிச் சிரித்ததில் சோபா நகர்ந்தது. அக்கா சிரிக்கவில்லை, சட்டென்று உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை கடை திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். கடைக்காரப் பெண் பின்கதவைத் திறந்து எடை மிஷினைக் காட்டினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பலகையை இழுத்து வந்தாள். கெட்டியான, வெள்ளை நிறப் பலகை. கதவு அகலம், படகு நீளம்.

"இது வாடகைப் பலகை. பிடிச்சா அப்புறம் பேசலாம்" என்றாள். "ஏன் சார் அன்னிக்கே சொல்லலை?"

"உன்னைப் பார்த்து வெட்கமா இருந்துச்சும்மா" என்றார் பெரியவர்.

"என்கிட்ட வர்ற எல்லாருமே எழுபத்தெட்டுதான் சார்" என்றாள் அவள்.

முதல் தடவையாக இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கினார்கள். பெரியவர் முழங்கால் போட்டபடி கொஞ்ச தூரம் துடுப்பு வலித்தார். பலகை முனகாமல் போனது. ஒரு காலை ஊன்றினார். இன்னொரு காலை ஊன்றினார். எழுந்தார்.

சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையின் விளிம்பைப் பார்த்தான். காய்ந்தே இருந்தது.

பெரியவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு பெரிய ஆச்சரியம். துடுப்பை ஒருமுறை வலித்தார். நீளப் பலகை வழுக்கிக்கொண்டு போனது. இன்னொருமுறை வலித்தார். சின்னவன் மூன்று தடவை வலித்துப் போகும் தூரத்தை அவர் ஒரே வலிப்பில் கடந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனைத் தாண்டிப் போனார். சின்னவனுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஆனால் அதற்கு மேல் சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரிக் கட்டடம் எதிர்க்கரையில் தெரிந்தது. வரிசையாக ஜன்னல்கள். பெரியவர் அதைப் பார்த்தார். எந்த ஜன்னலிலாவது யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியதோ என்னவோ, துடுப்பை ஒரு கையில் தூக்கிப் பலமாக ஆட்டினார்.

தொபீர்!

சின்னவன் பதறிப்போய்த் துடுப்பை வலித்தான். அவன் போய்ச் சேர்வதற்குள் பெரியவர் தலையைத் தூக்கி, தண்ணீரைத் துப்பி, பலகையின் கைப்பிடியைப் பிடித்து வயிற்றோடு மேலே ஏறிவிட்டார். மூச்சு வாங்கியது. கை மணிக்கட்டுக்குப் போகவில்லை.

"கையை ஆட்டினா விழாம என்ன செய்யும்!" என்றார் அவர், சிரித்தபடி. "அது சரி, நாளைக்கு வருவியா?"

"நாளைக்குத் திங்கட்கிழமை. கடை இருக்குண்ணே."

"எத்தனை மணிக்குத் திறப்பே?"

"ஒன்பது."

"ஆறு மணிக்கு உன் வீட்டு வாசல்ல ஹாரன் அடிக்கிறேன். காருக்கு உறையை எடுத்துட்டு, டயருக்குக் காத்து மட்டும் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மறுபடி ஒரு காலை ஊன்றினார்.