கமரா திரும்பிய பக்கம்

இந்தக் காலத்துச் சனத்துக்குச் செத்த வீட்டிலும் கை சும்மா கிடக்காது. பெட்டிக்குள் கிடப்பவனைக் கும்பிடவேண்டிய கையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். லண்டனில் இருக்கிற யாரோ பார்க்கவேண்டுமாம். மன்னாரில் இருக்கிற யாரோ அழவேண்டுமாம். அருமைராசா பக்கத்தில் நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“தம்பி, கண்ணாலை பாரும். அதுக்குத்தான் ரெண்டு தந்திருக்கு.”

“லைவ் போகுது ஐயா.”

“அவனே போயிட்டான். பேந்தென்ன லைவ்?”

அவன் முகத்தைச் சுழித்துக்கொண்டு பெட்டி வைத்திருந்த மலர்ச்சாலையின் மற்ற மூலைக்குப் போனான். அப்போதுதான் அருமைராசாவின் கோட்டுப் பைக்குள் இன்னொரு போன் அதிர்ந்தது. இடது பக்கம், நெஞ்சோடு ஒட்டி. காலையிலிருந்து நாலாவது தடவை. அது அவருடையதல்ல. பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாகப் படுத்திருக்கும் தம்பி விமலநாதனுடையது. அதிர்வு நிற்கும்வரை அவர் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பவுடர் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

காலையில் தம்பியின் மனைவி நிரஞ்சனிதான் அதைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

“அத்தான், இதை நீங்கள் வைச்சிருங்கோ. றொசானிட்டைக் குடுக்கவேண்டாம். உதுக்குள்ளை அவரின்ரை சாவு இருக்கு. அதைப் போட்டுக் காட்டி இவன் அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை.”

றொசான் அவளுடைய மூத்தவன். பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கிற செஜெப் கல்லூரிக்காக ஹெல்மெட் போட்டு ஆடுகிற அந்த முட்டிமோதும் ஃபுட்போல் ஆடுகிறவன். முப்பத்தோராம் இலக்கம். பந்தைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. இப்போது அவன் அருமைராசாவிடம் வந்து நின்றான். உள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அழுத கண்ணை மறைக்கிறான் என்று சனம் சொன்னது.

“பெரியப்பா, அப்பான்ரை போன் உங்களிட்டையா?”

“ஏன்?”

“கோச் மெசேஜ் மேலை மெசேஜ் போடுறார். அமெரிக்காக்காரருக்கு அந்த மாட்ச் படம் அஞ்சு மணிக்கிடையிலை வேணுமாம். கொலிஜ் கமரா மழையிலை நிண்டிட்டுது. அப்பா எடுத்தது மட்டும்தான் இருக்கு.”

“உன்ரை அப்பாவை இன்னும் மண்ணிலை வைக்கேல்லை.”

“அவையளிட்டை ஒரு இடம்தான் மிச்சம் பெரியப்பா. நான் அனுப்பாட்டில் வேறை ஒருத்தனுக்குப் போயிடும்.” குரலைத் தாழ்த்தினான். “அப்பா அதுக்குத்தானே எடுத்தவர்.”

அருமைராசா கோட்டுப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இரண்டு வருடமாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பியர்பொன்ட்ஸில் தம்பியின் வீட்டுக் கதிரையில் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளுக்கு ஆள் தேடுகிற, தொப்பி போட்ட ஆட்கள் வந்து இருந்தார்கள். உயரம் கேட்டார்கள், நிறை கேட்டார்கள், நாற்பது யார் ஓட எத்தனை செக்கன் என்று கேட்டார்கள். ஒருவன் நிரஞ்சனியின் தகப்பனுடைய உயரத்தைக்கூடக் கேட்டான். பொடியன் பார்மசி படிக்க மார்க் வைத்திருக்கிறான் என்று அவள் சொன்னபோது, “படிப்பை நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம்” என்றான். அருமைராசா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒருவனுடைய படிப்பை இன்னொருவன் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விமலநாதன் மனைவியிடம் “அவன் படிக்கட்டும்” என்பான். மகனிடம் “நீ ஓடு” என்பான். அவன் மனதில் உண்மையில் எது இருந்தது என்று கேட்க இனி ஆளில்லை.

கோட்டுகள் தொங்கும் சிறு அறைக்குள் அவர் போனபோது மெலனி அங்கே இருந்தாள். றொசானின் தங்கை. பதின்மூன்று வயது. ஈரக் கோட்டுகளுக்கு நடுவில் நிலத்தில் இருந்தாள்.

“பிள்ளை, இந்தப் போனைத் திறந்து காட்டு.”

“அம்மா பேசுவா.”

“அம்மா என்னட்டைத்தானே தந்தவ.”

அவள் நாலு இலக்கம் அழுத்தினாள். தேடவில்லை. படம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

போன சனிக்கிழமை. மழை. தகர வாங்கில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். மழைக்குப் பயந்து சனமே வரவில்லை. படத்தில் எதுவும் தெரிவதற்கு முன்னால் தம்பியின் மூச்சுத்தான் கேட்டது. முப்பது வருடம் பேக்கரி மாவைக் குடித்த நெஞ்சு. இழுக்கும்போது உள்ளே ஒரு சின்ன விசில் அடிக்கும். அந்த விசிலோடு படம் முப்பத்தோராம் இலக்கத்தைத் தொடர்ந்து போனது. பொடியன் ஓடினான். இரண்டு பேரை உதறினான். எல்லைக் கோட்டைத் தாண்டினான். “அப்பிடித்தான், அப்பிடித்தான்” என்றது தம்பியின் குரல்.

பிறகு அதே குரல், அவருக்கு.

“அண்ணை, உந்த ஸ்டாண்டைக் கொண்டுபோய்க் காருக்கை வையுங்கோ. நனைஞ்சால் பழுதாப்போம். நான் கையாலை எடுக்கிறன்.”

போனைப் பொருத்தினால் தானே சுழன்று ஒரு ஆளைப் பின்தொடர்ந்து படம் பிடிக்கிற ஸ்டாண்ட் அது. புதிதாக வாங்கியிருந்தான்.

“வைச்சிட்டு நான் அங்கையே இருக்கிறன். குளிர் தாங்கேலாது. நீயும் வாவன்ரா.”

“போங்கோ அண்ணை. பேந்து வாறன்.”

தன்னுடைய காலடி தகரப் படியில் இறங்கிப் போவதை அருமைராசா கேட்டார்.

மெலனி விரலால் படத்தை முன்னுக்குத் தள்ளினாள். “இதிலை” என்றாள். விசில் அடித்தது. அடித்து இழுத்த மூச்சு திரும்பி வரவில்லை. மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் இருந்தது.

“இதுக்குப் பிறகு அப்பா மூச்சு விடேல்லை பெரியப்பா. நான் போனைக் காதுக்கை வைச்சுப் பாத்தனான்.”

பாதி ஆட்டத்துக்கு முன்னமே உயிர் போயிருக்கவேண்டும் என்று டாக்டரும் சொன்னார். டாக்டர்மார் சொல்வதில் பாதியைக் கழித்துவிடுவது அருமைராசாவின் வழக்கம். ஆனால் படம் விழவில்லை. சாயவில்லை. நடுங்கக்கூட இல்லை. முப்பத்தோராம் இலக்கம் வலது பக்கம் ஓட, படமும் வலது பக்கம் போனது. அவன் வாங்கில் போய் இருந்து தண்ணீர் குடிக்க, படமும் அவனோடு இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

ஆட்டம் முடிந்து மைதானம் காலியானபிறகு அருமைராசா படியேறி வந்தபோது தம்பி நிமிர்ந்துதான் இருந்தான். முழங்கை இரண்டும் முன்கம்பியில், போன் இரண்டு கைக்குள்ளும். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

“இனி இதைப் பாருங்கோ” என்றாள் மெலனி.

இரண்டு தடியன்கள் றொசானை நடுவில் மறித்தார்கள். கீழே விழுந்தவனின் தலையில் ஒருவனுடைய முழங்கால் வந்து இறங்கியது. பந்து கையைவிட்டு உருண்டது. எல்லோரும் பந்துக்குப் பின்னால் இடது பக்கம் ஓடினார்கள். படம் ஓடவில்லை. விழுந்தவனிலேயே நின்றது. அவன் மெல்ல எழும்பினான். எழும்பி, மற்றப் பக்கத்தாரின் வாங்கை நோக்கி நடந்தான். அவர்களில் ஒருவன் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டான்.

அப்போதுதான் படம் முதல் தடவையாக அவனை விட்டது.

மெல்ல இடது பக்கம் திரும்பியது. மைதானத்தைத் தாண்டியது. கம்பி வேலியைத் தாண்டியது. கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு காராகக் கடந்து அவர்கள் வந்த சாம்பல் நிற வான் வண்டியில் வந்து நின்றது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்த புகார். உள்ளே தொப்பி போட்ட ஒரு உருவம் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தது. தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அருமைராசாவுக்கு ஞாபகம் இருந்தது. நடுவில் யாரோ கண்ணாடியில் தட்டியதுபோல் இருந்ததும் ஞாபகம் இருந்தது. மழை என்று விட்டுவிட்டார்.

படம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கதவடியில் வந்து நின்று, கூப்பிடுவதா விடுவதா என்று யோசிக்கிறவனைப்போல. உள்ளே இருந்தவர் நிமிரவில்லை. பிறகு படம் திரும்பிப் பொடியனிடம் போனது.

“ஒரு நிமிசமும் பதினொரு செக்கனும்” என்றாள் மெலனி.

அவர் போனைக் கவிழ்த்துப் பிடித்தார்.

“அண்ணா மூண்டு நாளாச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கிறான். வெளிச்சம் பாக்கேலாதாம். வாசிக்க வெளிக்கிட்டால் எழுத்தெல்லாம் ஓடுதாம். ஒருத்தரிட்டையும் சொல்லாதை எண்டவன். எல்லாரும் அப்பாவை நினைச்சு அழுறான் எண்டு நினைக்கினம்.”

கோயிலில் முதல் வேதாகம வாசகம் றொசானுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பிரெஞ்சில் அரைப் பக்கம். மூத்த மகன் வாசிக்கவேண்டும் என்று நிரஞ்சனி பிடிவாதமாக நின்றாள். அவன் போய் நின்றான். கண்ணாடியைக் கழற்றினான். தாளைக் கிட்டக் கொண்டுவந்தான், எட்டப் பிடித்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கோயில் முழுக்க மூக்கை உறிஞ்சியது. பாவம் பிள்ளை, தகப்பனில் உயிர் என்று ஒருத்தி சொன்னாள். மெலனி அருமைராசாவின் கோட்டுக் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் தாளை நாலாக மடித்து வைத்துவிட்டு, படியைக் காலால் தேடித் தேடி இறங்கினான்.

பூசை முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றும்போது அருமைராசா கடைசி வாங்குப் பக்கம் போனார். கோச் அங்கேதான் நின்றான். நல்ல உயரம், நரைத்த தாடி, கல்லூரி ஜாக்கெட். றொசானிடம் குடுக்கவேண்டாம் என்றுதான் நிரஞ்சனி சொன்னாள், இவனிடம் குடுக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டார். மெலனி போனைத் திறந்து கொடுத்தாள். அருமைராசா முப்பது வருடம் சாப்பாட்டுக் கடைக் குசினியில் பழகிய பிரெஞ்சில் சொன்னார்.

“மெஸ்யு, முழுக்கப் பார். ஓடுறதை மட்டும் பாராதே.”

கோச் பார்த்தான். முதலில் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தான். “படம் எடுத்தவருக்குக் கண் இருக்கிறது” என்றான். “எல்லோரும் பந்தைத்தான் எடுப்பார்கள். இவர் பிள்ளையை எடுத்திருக்கிறார்.”

முழங்கால் இறங்கிய இடத்தில் அவன் விரல் நின்றது. திருப்பிப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். தாடிக்குள் வாய் சின்னதாகிப்போனது.

“எனக்கு இவன் சொல்லவில்லை.”

“நீ கேட்டியோ?”

கோச் போனைத் திருப்பிக் கொடுத்தான். வெளியே போய் றொசானை மதிலோரம் கூட்டிச் சென்றான். கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். முகத்துக்கு நேரே விரலை நீட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தான். என்னவோ கேட்டான். பொடியன் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான். கோச் அவன் பிடரியில் கையை வைத்து, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், டாக்டர் கடிதம் இல்லாமல் இனி மைதானத்தில் கால் வைக்கமுடியாது என்றான். அமெரிக்காக்காரருக்குத் தானே சொல்கிறேன் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனான். நல்லவன் மாதிரித்தான் இருந்தான். அருமைராசா அதையும் முழுதாக நம்பவில்லை.

றொசான் நேரே அவரிடம் வந்தான்.

“நீங்களே காட்டினது?”

“ஓம்.”

“அப்பா எனக்காக எடுத்தது அது.”

“ஓம். உனக்காகத்தான்.”

அவன் கண் கூசிக்கொண்டு அவரைப் பார்த்தான். “அப்பாவைத் தனிய விட்டிட்டுக் காருக்கை போய் இருந்தனீங்கள். இப்ப எனக்கு நல்லது செய்ய வந்திட்டியள்.”

பக்கத்தில் நின்ற இரண்டொருவர் வேறு பக்கம் பார்த்தார்கள். அருமைராசா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சேமக்காலையில் மண் போட்டு முடித்துச் சனம் கார்களுக்குத் திரும்பியபோது நிரஞ்சனியின் தம்பி அனுஜன் அவரோடு சேர்ந்து நடந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். மெலனி அவனுக்கும் படத்தைக் காட்டியிருந்தாள்.

“அண்ணை, நீங்கள் உதைப் போட்டு யோசிக்காதேங்கோ. அத்தான் ஒரு ஸ்டாண்ட் வாங்கினவர் தெரியுமே? அது தானாச் சுத்தும். ஒருக்கால் ஆளைக் காட்டிவிட்டால் காணும், அந்த ஆள் போற இடமெல்லாம் திரும்பும். மனிசர் இருந்தாலென்ன, செத்தாலென்ன.”

“வானைப் பாத்தது?”

“ஆளைத் தவறவிட்டால் அது வேறை ஆளைத் தேடும் அண்ணை. கண்ணாடிக்குள்ளை உங்களைக் கண்டிருக்கும். சின்ன விசயம். மெசின்தானே.”

“கையிலை வைச்சிருந்தவன்.”

“ஸ்டாண்டோடை சேத்துப் பிடிச்சிருப்பார். பதட்டத்திலை நீங்கள் கவனிச்சிருக்கமாட்டியள்.”

“ம்.”

வான் வண்டி சேமக்காலை வாசலில் நின்றது. சனிக்கிழமைக்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. இன்றைக்குத்தான் அனுஜன் ஓட்டி வந்தான். அருமைராசா பின்கதவை இழுத்துத் திறந்தார். பின்சீட்டில் கறுப்புப் பை கிடந்தது, அவர் வைத்த இடத்தில், வைத்த மாதிரியே. ஸிப் மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தார், உள்ளே ஸ்டாண்டின் கனம் இருந்தது. மேல்துணியில் மழைத்துளிகள் காய்ந்து வட்டம் வட்டமாகத் தெரிந்தன. பக்கத்தில் தோடம்பழத் தோல், சுருண்டு.

“ஏறுங்கோ அண்ணை. சனம் சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டு நிக்குது.”

“நீர் போம். நான் பஸ்ஸிலை வாறன்.”

“மழை வரப்போகுது.”

“வரட்டும்.”

கதவைச் சாத்தினார். மெசினாம். அவர் ரோட்டோரமாக நடந்தார். பின்னால் வான் ஸ்டார்ட் ஆகி, கொஞ்சம் தயங்கி, பிறகு போனது. பஸ் தரிப்பில் கண்ணாடிக் கூடு ஒன்று இருந்தது. உள்ளே வாங்கு காய்ந்து கிடந்தது. தூறல் விழத் தொடங்கியது. அருமைராசா உள்ளே போகவில்லை. வெளியே, பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, நிமிர்ந்து நின்றார்.