முப்பத்திரண்டு பேரும் ஏறியாச்சு

ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் அவள் வழிகாட்டி. ஒன்பது வருஷத்தில் ஒரு பயணியைக்கூடத் தவறவிட்டதில்லை என்று கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. இன்றும் பழைய எல்லைக் கோட்டையில் தலைகளை எண்ணிவிட்டு மைக்கில் சொன்னாள்: "முப்பத்திரண்டு பேரும் ஏறியாச்சு. யாரும் பாக்கியில்ல. எடுங்கண்ணே."

இருபது மைல் தள்ளி, கடற்கரையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் கடைசி வரிசையில் தன் அப்பாவின் பை தனியாக இருப்பதைப் பார்த்தாள். உள்ளே அவருடைய போன், மாத்திரை டப்பா.

அம்மா போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த மனுஷனை, காலி இருக்கை இருக்கிறதென்று அவள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தாள். பயணிகள் பட்டியலில் அவர் இல்லை. கடைசி வரிசைக்கு முன்பே முப்பத்திரண்டு முடிந்துவிடும். அதற்கு மேல் எண்ணி அவளுக்குப் பழக்கமில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, காடிப்பானையில் விழுமாம் துள்ளி!

கோட்டையின் டிக்கெட் கவுண்டருக்கு ஆறு முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. பயணிகளுக்குக் கடற்கரையில் இரண்டு மணி நேரம் இருந்தது. ஓட்டுநர் ஒரு வார்த்தை கேட்காமல் காலி வண்டியைத் திருப்பினார். பெரியவர் எங்கே போய்விடப் போகிறார் என்று வழியெல்லாம் தேற்றிக்கொண்டே வந்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கோட்டையின் பின்சுவருக்குக் கைப்பிடி கிடையாது, கீழே நேராகக் கடல். அந்தக் காலத்தில் எல்லைக் காவலர்கள் அங்கிருந்து தவறி விழுந்த கதையைக் காலையில் அவளே ரசித்து ரசித்துச் சொல்லியிருந்தாள். அப்பா முன்வரிசையில் நின்று கேட்டார். அந்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மதிய இடைவேளை; கோட்டை வாசலில் பூட்டு தொங்கியது. கம்பிக் கதவை உலுக்கி, "அப்பா, அப்பா" என்று கத்தினாள்.

ஓட்டுநர் தோளைத் தொட்டுப் பக்கச்சுவரைக் காட்டினார். காலையில் பேருந்து நின்ற அதே இடத்தில், வெயிலில், சட்டை நனைய அப்பா நின்றுகொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. வண்டி கிளம்பும்போது எங்கே போனீர்கள் என்று கேட்டாள்.

"இங்கதாம்மா நின்னேன், ஜன்னலுக்குக் கீழ."

"கதவைத் தட்டியிருக்கலாம்ல?"

அவர் அவளைச் சமாதானப்படுத்துவதுபோல மெதுவாகச் சொன்னார். "யாரும் பாக்கியில்லன்னு மைக்குல சொன்னியே. நான் வேற ஏறினா, கணக்குல இல்லாத ஆளு யாருன்னு கேப்பாங்க. உனக்குத்தானேம்மா கெட்ட பேரு."

அவர் குரலில் வருத்தமே இல்லை. அவளுக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.