ஒப்புக்கு வைத்த படம்

மெத்தைக் கம்பெனி முதலாளி பதினோராவது பக்கத்திலேயே தூங்கிவிட்டார். திரையில் அப்போது ‘உறக்கம் என்பது ஒரு பொருள் அல்ல, ஓர் உறவு’ என்ற வாசகம் நீல நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை எழுதியவர் அந்த டிசைன் நிறுவனத்தின் தலைவர். விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘பிராண்ட் சிற்பி’ என்று போட்டிருந்ததால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சிற்பிதான். முகத்துக்கு நேரே சொன்னாலும் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார் என்பது அந்தப் பட்டப்பெயரில் இருந்த கூடுதல் வசதி. வாடிக்கையாளர் தூங்குவது அவர் கண்ணில் படாமல் இல்லை. மெத்தைக்காரர் தூங்கினால் அது தொழில் நிமித்தமாகவும் இருக்கலாம் என்ற மரியாதையோடு குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, பழைய லோகோவில் இருக்கும் கட்டில் படம் மக்களின் ஆழ்மனதை எப்படி நான்கு கால்களாலும் கட்டிப்போடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளியின் மாப்பிள்ளை ஒன்று விடாமல் குறித்துக்கொண்டிருந்தார். மாமனார் தூங்கும் நேரத்தில்தான் அவருக்குக் கம்பெனியில் கொஞ்சம் அதிகாரம்.

மேசையின் கோடியில் டிசைனர் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தாறு. லோகோ, வெப்சைட், உறை, வண்டியில் ஒட்டும் படம் எல்லாமே அவர் கைவேலை. கூட்டத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட வேடம், சிற்பி கண்ணைக் காட்டும்போது அம்புக்குறிப் பொத்தானை அழுத்துவது. அழுத்திக்கொண்டே வந்தார். பதினான்காவது பக்கத்தில் புதிய வெப்சைட்டின் முகப்பு விரிந்தது. திரை முழுக்க ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு தடத்துப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தன் வீடு வந்தால், யார் வீடோ என்று ஒரு கணம் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். பிறகுதான் அது அக்கா என்று தெரிந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிவாகாத இடத்தை வெறுமையாக விட்டால் வாடிக்கையாளர் மிரண்டுவிடுவார். இணையத்தில் விற்கிற படத்தை எடுத்து வைத்தால், வாங்கும்வரை அதன் குறுக்கே விற்பவன் பெயர் கோடு கோடாக ஓடும். சிற்பிக்கு அது கௌரவக் குறைச்சல். ஆகவே ஆளாளுக்குத் தங்கள் கணினியில் கிடக்கும் சொந்தப் படம் ஒன்றை ஒப்புக்கு வைத்து வேலையை ஓட்டுவார்கள். கூட்டத்துக்கு முதல்நாள் அதை எடுத்துவிட்டு முறையான படத்தை வைப்பார்கள். ஒரு முறை யாரோ எடுக்க மறந்து, பல் மருத்துவமனை ஒன்றின் வெப்சைட்டில் அலுவலகக் கணக்கரின் மாமியார் பல்செட்டோடு ஒரு வாரம் சிரித்தார். டிசைனர் இருபது வருடத்தில் ஒரு தடவைகூட மறந்தவரில்லை. இந்தத் தடவை மறந்திருக்கிறார். மறந்ததில் அவருக்கு அதிர்ச்சிகூட வரவில்லை. படத்தின் ஓரம் சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்றுதான் கண் முதலில் போனது.

சிற்பி மூச்சு வாங்க நிறுத்திய அந்த அமைதியில் முதலாளி விழித்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்தம்மா யாரு?”

“அவங்கதான் சார் நம்ம பிராண்டோட ஆன்மா,” என்றார் சிற்பி. அவருக்கும் அந்த முகம் புதுசுதான். “ஆறு வாரம் ஆராய்ச்சி பண்ணி...”

“சும்மா இருங்க. இவங்க நெஜமாவே தூங்குறாங்க.” முதலாளி எழுந்து திரைக்கே போய்விட்டார். “நாப்பது வருசமா மெத்தைக்குப் படம் எடுக்குறேன். வர்ற பொண்ணுங்க எல்லாம் கண்ண மூடிக்கிட்டு முழிச்சிட்டிருக்கும். இது தூங்குது. எங்க புடிச்சீங்க?”

சிற்பி டிசைனரைப் பார்த்தார். முழுக்கூட்டத்திலும் டிசைனர் பேசிய முதல் வார்த்தை அதுதான்: “எங்க அக்கா சார்.”

“அட, வீட்டு ஆளு! ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி. அக்காகிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க. புது லோகோ தச்சு வர்ற மொத மெத்தை அக்காவுக்குத்தான். நானே கொண்டாந்து இறக்குறேன்.”

இங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது என்று சொன்னால் எல்லோரும் ஐயோ என்றுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். டிசைனர் வாயைத் திறந்தார். “சரி சார்” என்று வந்தது.

அக்கா நர்ஸ். இருபத்தாறு வருடம் இரவு டூட்டி. பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாள்: பஸ்ஸில், பேங்க்கில், ஒரு முறை போட்டோ ஸ்டூடியோவில் கேமராவுக்கு முன்னாலேயே. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தம்பி வீட்டுக்கு வருவாள். ஒண்டிக்கட்டையாக இருக்கும் தம்பி உயிரோடிருக்கிறானா என்று பார்க்கத்தான் வருகிறேன் என்பாள். டீ போடச் சொல்வாள். டீ வருவதற்குள் சாப்பாட்டு மேசைமேலேயே முன்கையில் தலையை வைத்துத் தூங்கியிருப்பாள். அப்படி ஒரு காலையில் கேலி செய்வதற்காக எடுத்த படம்தான் அது. மெத்தை வாசனைகூடப் படாத படம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, டூட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் அவளைத் தாண்டி எல்லோரும் நடந்திருக்கிறார்கள். எழுப்ப வேண்டாம், பாவம், தூங்கட்டும் என்று ஒருத்தி விளக்கைக்கூட அணைத்திருக்கிறாள்.

டிசைனர் அழவில்லை. இரங்கல் அறிவிப்பை அவரே வடிவமைத்தார். அக்கா பெயரில் இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி சரியாக உட்காரவில்லை என்று நாற்பது நிமிடம் அதோடு மல்லுக்கட்டினார். அலுவலகத்துக்கு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தபோது காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று போட்டார். திரும்பி வந்த அன்று சிற்பி, “ஃபங்ஷன் நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டார். “முடிஞ்சுது சார்” என்றார். அன்றிலிருந்து எல்லாமே பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரிதான் இருந்தது. தன் கன்னம்தான். தட்டினால் வேறு யாருடையதோ.

திருத்தங்கள் மாப்பிள்ளையிடமிருந்து மெயிலில் வந்தன. மச்சம் கவனத்தைச் சிதறடிக்கிறது, எடுக்கவும். எடுத்தார். கடைவாயில் ஈரம் தெரிகிறது, சுகாதாரமாக இல்லை. துடைத்தார். முன்கைக்குப் பதிலாகத் தலையணை. வைத்தார். கன்னத்தில் வாட்ச் அழுந்திய தடம். அழித்தார். நரை. நம்முடைய இலக்கு வாடிக்கையாளருக்கு வயது முப்பத்திரண்டு. இவருக்கும் அவ்வளவு இருக்கலாமே. குறைத்தார். உதட்டில் லேசாக ஒரு திருப்தி. அதையும் வரைந்தார். தினமும் காலையில் அக்காவின் முகத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி, தோலில் ஒரு ரேகையைத் தேய்த்துவிட்டு, மத்தியானம் அனுப்பிவிடுவார். கை பழகிய வேலை. மனம் ஒன்றும் கேட்கவில்லை.

நடுவில் லோகோவும் முடிவானது. அக்காவின் மூடிய இமையின் வளைவை அப்படியே ஒரு கோடாக இழுத்திருந்தார், அவ்வளவுதான். சிற்பி அதற்கு மூன்று பக்கம் தத்துவம் எழுதினார். அதில் பிறை இருந்தது, படகு இருந்தது, தாய்மடி இருந்தது, பிரபஞ்சத்தின் விளிம்புகூட இருந்தது. முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கண்ணு மூடியிருக்கு. அவ்வளவுதானே தம்பி?” என்றார். “அவ்வளவுதான் சார்” என்றார் டிசைனர். சிற்பி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மிச்சமிருந்தது கையெழுத்து. முதலாளியின் வக்கீல் அனுப்பிய ஒப்புதல் தாளில் ‘படத்தில் இருப்பவர் / அவருடைய சட்டப்படியான வாரிசு’ என்று இருந்தது. பக்கத்தில், பொருந்தாததை அடிக்கவும் என்று ஒரு குறிப்பு. டிசைனர் பேனாவை எடுத்தார், மூடினார், தாளையும் ஒன்பதாவது திருத்தத்தின் பிரிண்ட்டையும் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை அத்தான் வீட்டுக்குப் போனார்.

அத்தான் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பகல் டூட்டி, அக்காவுக்கு இரவு டூட்டி. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தூங்கிய நாட்களை எண்ணிவிடலாம் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். ஒரே மெத்தை, இரண்டு ஷிஃப்ட். சாதாரண வீட்டு மெத்தையில் இரண்டு பக்கமும் இரண்டு குழி இருக்கும். அந்த மெத்தையில் நட்டநடுவில் ஒரே குழி. அத்தான் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வா மச்சான். வழி தவறி வந்துட்டியா?” என்றார். வருஷத்துக்கு ரெண்டு தடவை வருகிறவனை வேறு எப்படி வரவேற்பது.

டிசைனர் பிரிண்ட்டை எடுத்து நீட்டினார். அத்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்காங்க. யாரு? உனக்குப் பாத்திருக்கிற பொண்ணா?”

டிசைனர் “அக்கா,” என்றார்.

அத்தான் ஃபோனை எடுத்து ஒற்றை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். வெளியே யாரோ இரும்புக் கேட்டைத் திறந்து மூடினார்கள். ரொம்ப தூரம் தள்ளிய பிறகு ஒரு படத்தில் நிறுத்தி, பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று வருடத்துக்கு முன் டிசைனரே அனுப்பியது. கீழே ‘உங்க பொண்டாட்டி இங்க டூட்டியில இருக்காங்க’ என்று எழுதியிருந்தது. அந்தச் சிறிய, மங்கலான சதுரத்தில் எல்லாம் அப்படியே இருந்தன: முன்கை, வாட்ச், நரை, டீ வைக்காத மேசை. அப்போதுதான் டிசைனருக்கு உறைத்தது, மூலப் படத்தின்மேலேயே திருத்தித் திருத்திச் சேமித்திருக்கிறார். இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவன்கூடச் செய்யமாட்டான். படம் எடுத்த ஃபோனும் போன வருடமே செத்துவிட்டது.

“மச்சம் எங்க?”

“எடுத்தாச்சு அத்தான்.”

“எச்சில் ஒழுகுமே?”

“அதையும்.”

“குறட்ட விடுவா. படத்துல அது கேக்காது, பொழச்சா.” அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். “எதுக்கு இதெல்லாம்?”

சொன்னார். மெத்தை, முதலாளி, வண்டி, வெப்சைட், கையெழுத்து. அத்தான் ஒப்புதல் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். வண்டி லைசென்ஸ் படிக்கிற மாதிரி படித்தார். பிறகு மடித்த மடிப்பு மாறாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது என் பொண்டாட்டி இல்லையே மச்சான். நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? இந்தப் பொண்ணோட வீட்டுக்காரன் எவன்னு பாத்து அவன்கிட்ட போய் வாங்கு.”

கோபமாகச் சொல்லவில்லை. ரூட் தெரியாமல் ஏறிய பயணியிடம் இந்த பஸ் அங்கே போகாது என்று சொல்வதுபோலச் சொன்னார். கிளம்பும்போது, “அந்தப் படம் உனக்கு வேணுமா?” என்று கேட்டார். “அனுப்புங்க” என்றார் டிசைனர். தெருமுனை திரும்பும்போது சட்டைப் பையில் ஃபோன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்து, இடது பக்கம் ஒன்பதாவது திருத்தத்தையும் வலது பக்கம் அத்தான் அனுப்பியதையும் வைத்தார். சின்னப் படம், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. மச்சம் என்பது மொத்தம் நான்கு பழுப்புக் கட்டங்கள். அதில் ஒன்று கொஞ்சம் சிவப்பு. அவர் ஒன்றை எடுத்து இடது பக்கக் கன்னத்தில் வைத்தார். இரண்டாவதை வைத்தார். சிற்பி பின்னால் வந்து நின்றார்.

“என்ன பண்றீங்க? கையெழுத்து வந்தாச்சா? முதலாளி கீழ வந்துட்டார்.”

“ஒரு சின்னத் திருத்தம் சார்,” என்றார். மூன்றாவதை வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. முதலாளிதான். எதையும் சேமிக்காமல் எழுந்து படியிறங்கினார்.

வாசலில் வண்டி நின்றது. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முதலாளி கல்யாண வீட்டுக்காரர்போல வேர்த்துப்போய் நின்றிருந்தார். உள்ளே, கண்ணாடித்தாள் சுற்றிய புத்தம்புது மெத்தை சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. குழி, சுருக்கம் எதுவும் இல்லாமல் பலகைபோல இருந்தது. அதன் மூலையில் கருநீல நூலில் அக்காவின் இமை மூடியிருந்தது.

“மொத மெத்தை. சொன்ன சொல்லுத் தவறமாட்டேன். டபுள் சைஸ், ரெண்டு பேரும் தாராளமாப் படுக்கலாம்,” என்றார் முதலாளி. “அக்கா இப்ப வீட்டுல இருப்பாங்கல்ல? முழிச்சிருப்பாங்களா?”

வண்டி டிரைவர் ஒரு ரசீதுப் புத்தகத்தைத் தொடையில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி வாயிலேயே வைத்துக்கொண்டார்.

“விலாசம் சொல்லுங்க சார்.”

“எழுதிக்குங்க,” என்றார் டிசைனர்.

காற்று உள்ளே புகுந்து கண்ணாடித்தாளை மெல்ல உப்ப வைத்தது, விட்டது, மறுபடி உப்ப வைத்தது. டிரைவரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிற்பியும் எப்போதோ இறங்கி வந்திருந்தார்.