பட்டப்பெயர்ப் பெட்டி

கம்பிக்காரன் என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவன் இழுப்பது கம்பி அல்ல, கண்ணாடி. தலைமுடி அளவுக்கு மெலிந்த கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடும். அந்த ஒளியில்தான் ஜனங்கள் பார்க்கிற படமும் பேசுகிற பேச்சும் போய் வரும். முதல் வருடம் இதை வீடு வீடாக விளக்கினான். அடுத்த வருடம் விட்டுவிட்டான். இப்போது கோபம் வந்தால் மனைவியே "யோவ் கம்பி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

கம்பெனி என்று பெயர், ஆனால் மொத்தம் மூன்றே பேர். குழி தோண்டிக் குழாய் புதைப்பதும் இழையை ஒட்டுவதும் அவன். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து போனில் வசவு வாங்குவது மனைவி. கம்பம் ஏறுவதும் வீடுகளில் பெட்டி மாட்டுவதும் மனைவியின் தம்பி. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத தெருக்களாகத் தேடிப்பிடித்து லைன் இழுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். சுவர் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர் மாதிரி. வாசலைத் தாண்டினால் மொபைல் சிக்னல் செத்துவிடும். அதனால்தான் இவனுடைய இழைக்கு அங்கே இவ்வளவு மரியாதை. அந்தக் கட்டடம் கைவிட்டுப் போனால் மீதித் தெருக்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்தக் கட்டடத்தில்தான் காலையிலிருந்து ஒரு வீட்டிலும் நெட் இல்லை. அதுவும் எந்த நாளில்? சாயங்காலம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். பெரிய கம்பெனி ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. அதை உள்ளே விட்டு இவனை அனுப்பிவிடலாமா என்று ஓட்டெடுக்கப் போகிறார்கள். பரீட்சை அன்றைக்குத்தான் பேனாவில் மை தீரும்.

அடித்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்துச் சுவரில், அவனுடைய இரும்புப் பெட்டி இருந்தது. மேலே ஏதோ குழாய் ஒழுகி அவன் கழுத்திலேயே குறி பார்த்துச் சொட்டியது. மனைவிக்குப் போன் போட்டான். படிக்கட்டுக்கு அடியில் ஓர் ஓரமாக நின்றால் மட்டும் பேசுகிற அளவுக்குச் சிக்னல் வரும். பெட்டிக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவில் நடந்து நடந்தே கால் கடுத்தது.

"என்னங்க, அங்க லைட் வருதா?"

"அம்சமா வருது. அதான் எரிச்சலே."

"எலி கடிச்சிருக்குமோ?"

"எலி கடிச்சா லைட்டே வராதுடி. நீயே அந்தக் கதைய நம்ப ஆரம்பிச்சிட்டியா?"

எது கெட்டாலும் எலி கடித்துவிட்டது என்று சொல்வது அவர்கள் தொழிலில் வழக்கம். உலகத்தில் எந்த எலியும் அத்தனை உழைத்ததில்லை. இன்றைக்கு அந்தப் பொய்க்கும் வழியில்லை. வெளியிலிருந்து வரும் ஒளி வந்துகொண்டிருந்தது. வீடுகளிலிருந்து திரும்பிப் போக வேண்டியதுதான் போகவில்லை.

மச்சினனைப் போனில் பிடித்தான். அவன் வேறொரு தெருவில் கம்பத்தின் மேல் இருந்தான்.

"டேய், இன்னிக்குக் காலைல இந்தக் கட்டடத்துல எதையாவது தொட்டியா?"

"பொட்டியத் தொறக்கவே இல்ல மாமா. சத்தியமா."

"சத்தியம் கேக்கல. பதில் கேட்டேன்."

"அதான் மாமா, தொறக்கல."

அவன் சொன்னது உண்மை. பெட்டியை அவன் திறக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

கம்பிக்காரனுக்குச் சந்தேகம் தட்டியது. வெளியிலிருந்து கட்டடத்துக்கு ஒரே இழைதான் வருகிறது. இரும்புப் பெட்டிக்குள் அது கிளை பிரிந்து வீட்டுக்கு ஒன்றாக மேலே போகிறது. எல்லா வீட்டுப் பெட்டிகளும் அந்த ஒரே இழையில்தான் திரும்பிப் பேச வேண்டும். அதனால் அவை முறை வைத்துப் பேசும். கூப்பிட்டால் ஒளியடிக்கும், மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பெட்டி கிறுக்குப் பிடித்து ஓயாமல் ஒளியடித்தால், மற்ற எல்லாருடைய பேச்சும் அதில் மூழ்கிவிடும். எந்த வீடு என்று திரை சொல்லாது. ஒவ்வொரு கிளையாகப் பிடுங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டியைத் திறந்தான். கிளைகள் ஒவ்வொன்றிலும் மச்சினன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டு எண் ஒன்றில்கூட இல்லை. இந்தக் கட்டடத்தில் கதவில் ஓர் எண், மின்மீட்டரில் வேறோர் எண், ஜனங்கள் வாயில் மூன்றாவதாக ஓர் எண். ஆரம்பத்தில் எண்ணை நம்பி ஒருவர் லைனைப் பிடுங்க, இன்னொருவர் வீட்டில் சண்டை வந்தது. அப்புறம் மச்சினன் தன் வழியில் எழுத ஆரம்பித்தான். 'நாய் பெருசு.' 'நாய் சின்னது.' 'தூங்குமூஞ்சி.' 'வழுக்கை.' 'சந்தேகம்.' 'மைக்.' அன்றிலிருந்து ஒரு லைன்கூடத் தவறியதில்லை. பேர் வைத்ததில் பாதி கம்பிக்காரனுடைய கைவரிசை. வீட்டில் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மனைவியும் திரையில் அதே பெயர்களைத்தான் ஏற்றி வைத்திருந்தாள்.

போனைப் படிக்கட்டுக்கு அடியில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டுப் பிடுங்க ஆரம்பித்தான்.

"தூங்குமூஞ்சி!" என்று கத்தினான்.

"எதுவும் மாறல!" என்று போன் கத்தியது.

திருப்பிச் செருகினான். "நாய் சின்னது!"

"ம்ஹூம்!"

"வழுக்கை!"

"அதுவும் இல்ல!"

வேலையில் மூழ்கிவிட்டால் அவனுக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். நெட் இல்லாத வீட்டில் மனிதர்களுக்கு என்ன வேலை? ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவனுக்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டமே நின்றது. முன்வரிசையில், தலையில் ஒரு முடியும் இல்லாத ஒருவர்.

"யாருப்பா அது வழுக்கை?" என்றார் அவர்.

"அது… லைனுக்கு வெக்கிற பேருங்க."

"லைனுக்கு முடி கொட்டுமா?"

ஓரிருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் மாடி அம்மாள் முன்னால் வந்தாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே மொட்டைமாடியில் புறா பறக்கும்.

"எங்க காட்டு! எனக்கு என்ன பேரு வெச்சிருக்க?"

அவன் பெட்டியின் கதவை உடம்பால் மறைத்தான். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. அதற்குள் சங்கச் செயலாளர் வந்து சேர்ந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் சாவிக்கொத்து.

"தம்பி, சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள நெட் வந்துச்சுன்னா உனக்காக நான் நாலு வார்த்தை பேச முடியும். இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"வந்துடும் சார். கண்டுபிடிச்சுட்டே இருக்கேன்."

கதவை மறுபடி திறக்காமல் வேலை நடக்காது. திறந்தான். ஜனங்கள் கழுத்தை நீட்டினார்கள். இனி கத்துவதற்கில்லை. வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு அடுத்தடுத்துப் பிடுங்கினான். அப்போது ஸ்பீக்கரில் மனைவியின் குரல் அடித்தளம் முழுக்க அதிர்ந்தது.

"வந்துடுச்சு! எல்லாம் பச்சை! எவன் அது, எவனைப் புடுங்குனீங்க?"

கையிலிருந்த கிளையைப் பார்த்தான். சீட்டில் 'ஓசி' என்று எழுதியிருந்தது.

கட்டைவிரலால் மூடினான். மூன்றாம் மாடிக்காரியின் கண் அதைவிட வேகம்.

"ஓசியா? யாரு ஓசி?"

செயலாளர் தன் சாவிக்கொத்தை ஏதோ புதிதாகக் கிடைத்த பொருள் மாதிரி ஆராய்ந்துகொண்டிருந்தார். கட்டடத்துக்குள் லைன் இழுக்க அனுமதி கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பதிலாக அவர் வீட்டுக்குக் காசில்லாமல் ஓர் இணைப்பு. இது அவருக்கும் கம்பெனியின் மூன்று பேருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

"அது ஸ்பேர் லைனுங்க. ஓ, சி. ஒரு கோடு வேர்டு," என்றான் கம்பிக்காரன்.

"அப்ப 'மைக்' என்ன கோடு?" என்றாள் அவள். போனை நீட்டினாள். பளிச் பளிச் என்று வெளிச்சம் அடித்தது. பெட்டியைத்தான் படம் எடுத்தாள். சிக்னல் இல்லாத அடித்தளத்தில் அந்தப் படம் அவள் போனிலேயே கிடந்தது. அவன் அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. நெட் வந்துவிட்டது என்ற நினைப்பு மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

செயலாளரின் வீட்டுக்கு அவரோடு போனான். டிவிக்கு அடியில், வீட்டுப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பழைய டப்பா இருந்தது. இந்த முறைக்கு மாறுவதற்கு முன்னால், வீட்டுக்கு ஒரு தனி இழை இழுத்த காலத்துச் சாமான். அதற்கு முறை வைத்துப் பேசத் தெரியாது. கரண்டு கொடுத்தால் ஓயாமல் ஒளியடிப்பது ஒன்றுதான் தெரியும். சொருகும் வாய் மட்டும் ஒன்றுபோல இருக்கும்.

"காலைல என் பொட்டி செத்துப்போச்சு. உங்க மச்சினன் வந்து இதை மாட்டிட்டு, 'கொஞ்ச நேரத்துல வந்துடும் சார்'னு போனான். இன்னும் வரல," என்றார் செயலாளர்.

கம்பிக்காரன் அதன் கரண்டைப் பிடுங்கிவிட்டு வாசலுக்கு வந்தான். மனைவி போன் போட்டு விரட்டியிருந்த மச்சினன் புதுப் பெட்டியோடு படியேறி வந்துகொண்டிருந்தான்.

"இந்தக் கருமத்தை ஏன்டா மாட்டின?"

"புதுசு ஒண்ணுதான் மாமா இருந்துச்சு. ஓசிக்கு எதுக்குப் புதுசுன்னு…"

"வாய் பொருந்துச்சுன்னா மாட்டிருவியா?"

"பச்ச லைட்டு எரிஞ்சுது மாமா."

அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. புதுப் பெட்டியை மாட்டினார்கள். அடித்தளத்துக்குப் போய் 'ஓசி'யைத் திரும்பச் செருகினார்கள். எல்லாம் சீராக ஓடியது. சீட்டுகளைக் கிழிக்கட்டுமா என்று மச்சினன் கேட்டான். கிழித்தால் நாளைக்கு எந்த லைன் யாருடையது என்று உனக்குத் தெரியுமா என்று இவன் கேட்டான். தெரியாது. அப்படியே விட்டுப் பூட்டினார்கள்.

கூட்ட நேரத்துக்கு முன்பே இரண்டு பேரும் கீழ்த்தள அறைக்குப் போய்விட்டார்கள். காவலாளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, ஒன்றில் அவரே உட்கார்ந்திருந்தார். என்ன பேச வேண்டும் என்று கம்பிக்காரன் மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். கோளாறு எங்களுடையது, இனி இப்படி நடக்காது, ஆனால் கூப்பிட்டவுடன் ஓடி வருகிற ஆள் பெரிய கம்பெனியில் கிடைக்க மாட்டான். மூன்றாவது தடவை சொல்லிப் பார்த்தபோது அவனுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நேரம் போனதே தவிர ஒரு ஆளும் வரவில்லை.

அறை வைஃபை வழியாக மனைவி கூப்பிட்டாள். "அந்தக் கட்டடத்துல என்ன நடக்குது? எல்லா வீடும் ஒரே நேரத்துல ஓடுது. இப்படி நான் பாத்ததே இல்ல."

"தெரியலையே. இங்க ஒருத்தரும் இல்ல."

அப்போதுதான் செயலாளர் வந்தார். உட்காரவில்லை. தன் போனை நீட்டினார். குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழு. மேலே இரும்புப் பெட்டியின் படம், சீட்டுகள் துல்லியமாகத் தெரிகிற மாதிரி. கீழே நூற்றுக்கணக்கில் பேச்சு. யார் சந்தேகம், யார் தூங்குமூஞ்சி, பெரிய நாய் என்றது நாயையா ஆளையா. எல்லாவற்றுக்கும் நடுவில், ஓசி யார். அதற்கும் கீழே ஓட்டுப்பெட்டி. புதுக் கம்பெனி, பழைய ஆள். கூட்டம் தேவையில்லை, இங்கேயே முடித்துவிடலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பழைய ஆளுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

"அது மட்டும் யாரு சார்?" என்றான் மச்சினன்.

"தெரியாம அமுக்கிட்டாராம். மாத்தணும்னு கேட்டுட்டு இருக்காரு."

"சார், நீங்க நாலு வார்த்தை பேசறேன்னு…" என்றான் கம்பிக்காரன்.

"நான்தான் தம்பி முத ஓட்டு போட்டேன். புதுக் கம்பெனிக்கு. எல்லாரும் என் மூஞ்சியத்தானே பாக்குறாங்க? நான் ஓசி இல்லன்னு வேற எப்படிக் காட்ட?" சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மச்சினன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மாமா, கீழ போயி மெயின் இழைய ஒரே ஒரு நிமிஷம் கழட்டட்டா? ஓட்டு நின்னுடும்."

"நின்னா?"

"…நிக்கும்."

"அப்புறம் நாளைக்கு ரோட்டுல போயி போட்டுட்டு வருவாங்க. உக்காரு."

ஒவ்வொரு ஓட்டும் அவன் தோண்டிய குழி வழியாக, அவன் ஒட்டிய ஒட்டு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் தடங்கலே இல்லை. ஒட்டு அவ்வளவு நல்ல ஒட்டு.

போன் மறுபடி அடித்தது. "என்னங்க, மைக் பால்கனி ஓரமா நின்னு கூப்பிடுது. அவங்க வீட்டுல மட்டும் சுத்திக்கிட்டே இருக்காம். ஓட்டுப் போட முடியலையாம். உடனே ஆள் வரணுமாம்."

அவன் கருவிப் பையைப் பக்கத்தில் இழுத்தான்.

"போகாதீங்க," என்றாள் மனைவி. "கேட்டா எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிடறேன்."

பையை எடுத்துக்கொண்டு படியேறினான். மூன்றாம் மாடிக் கதவு திறந்தே இருந்தது. பகலில் பிடுங்கிச் செருகியதில் முனையில் தூசி ஏறியிருக்கலாம் என்று நினைத்து வந்திருந்தான். அது இல்லை. அவள் வீட்டில் ஸ்டாண்டு மின்விசிறியை நகர்த்தும்போது இழையைச் சுவரோடு நசுக்கி வைத்திருந்தார்கள். நிமிர்த்தி, வளைவைத் தளர்த்தி, டேப் ஒட்டினான்.

"இப்ப பாருங்க மேடம்."

அவள் சோபாவில் உட்கார்ந்தபடியே போனைத் தொட்டாள். அவன் நிற்கிற இடத்திலிருந்து திரை தெரிந்தது. தொட்ட நொடியில் ஓட்டு புதுக் கம்பெனிக்குப் போய்விட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"ம், ஸ்பீடாத்தான் இருக்கு," என்றாள். கொஞ்சம் குரலைக் குறைத்திருந்தாள். "ஏம்ப்பா, அந்தப் புது ஆளுங்க லைன் போட்டு முடிக்க எவ்ளோ நாள் ஆகும்?"

"அவங்களைத்தான் கேக்கணும். சுவர் கனம். சீக்கிரம் ஆகாது."

"அதுவரைக்கும் நீ கட் பண்ணிட மாட்டியே?"

அவன் கத்திரியையும் டேப்பையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். ஜிப் பாதியில் சிக்கியது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தோளில் மாட்டிக்கொண்டான்.

"மாட்டேன் மேடம்," என்றான்.