பாலத்தில் தொங்கும் இந்திராணி

இந்திராணி பதினான்கு மாதங்களாகப் பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே வெள்ளம். மேலே வில்லன், பூட்ஸ் காலால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு. நான்காவது ரீல் அங்கேதான் முடிந்தது. ஐந்தாவது ரீல் வரவே இல்லை. அதற்குக் காரணமானவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வில்லன் மேல் மரியாதை வந்தது.

கோபம் எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் கடிதங்களுக்கு எண் போடும் வேலை. நான் உரக்கக் கத்தினால் எதிரே இருப்பவர், "தண்ணி வேணுமா வேம்பு சார்?" என்று கேட்பார். இருந்தும் 1972 ஆகஸ்ட் மாதம் முழுவதையும் கோபத்திலேயே கழித்தேன். மாதக் கடைசியில் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது. சைக்கிளுக்குப் புது டயரும்.

விஷயம் இதுதான். எட்டு மில்லிமீட்டர் படச்சுருள் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. வீட்டில் சின்ன புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். அந்த அளவில் தமிழ்ப் படம் அச்சடித்துக் கொடுத்தவர், எங்களுக்குத் தெரிந்து, தேனாம்பேட்டை வலியுல்லா ஒருவர்தான். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை, ஒரு மெஷின், ஒரு மேஜை விசிறி, அவர். 'இரும்புப் பாலத்து இந்திராணி' என்று தியேட்டர் முகமே பார்க்காமல் பெட்டிக்குள் கிடந்த சண்டைப் படம் ஒன்றை அதன் தயாரிப்பாளரிடம் பேசி வாங்கினார். அதை ஐந்து ரீலாகச் சுருக்கி, பேச்சை எடுத்துவிட்டு, வசனங்களைத் தன் கையாலேயே அட்டையில் எழுதிச் சேர்த்து, ஒவ்வொரு ரீலாக வெளியிட்டுவந்தார்.

இந்தப் படங்களைக் கூடிப் பார்க்கும் எங்கள் சங்கத்தில் முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டு பேரிடமும் புரொஜெக்டர் உண்டு. நான் காரியதரிசி. மாதத்தின் முதல் ஞாயிறு, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூட்டம். வேறு யார் மனைவியும் சம்மதிக்கவில்லை. என் மனைவி சூடாமணி சம்மதித்தாள் என்றும் சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே என் வேஷ்டியைக் கட்டினால் திரை தயார். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அவள், காபி டிகாக்‌ஷனோடு.

ஆகஸ்ட் முதல் வாரம் வலியுல்லா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"இன்னா சாமி, அஞ்சாவது ரீலு வோணுமா வாணாவா?"

"என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க. பதினாலு மாசமா தூக்கமில்லை."

"அப்ப கேட்டுக்க. ஃபிலிம் பெரிய சுருளாத்தான் வருது. ஒரு சுருளப் பிரிச்சா இருவத்தஞ்சு பிரிண்ட் அடிச்சே தீரணும். மிச்சம் வெச்சா இந்த மெட்ராஸ் புழுக்கத்துல பூசணம் பூத்துப்பூடும். இருவத்தஞ்சு பேரு எடுத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடு, அடிக்கறேன். இருவத்தொம்போதாந்தேதி எட்டு மணி வரைக்கும் டைம். முப்பத்தொண்ணாந்தேதி புரொடியூசர் ஆளு வந்து நெகட்டிவ எடுத்துக்கினு பூடுவான். வெள்ளி உருக்கற எடத்துக்கு."

"வெள்ளி உருக்கவா?"

"பின்ன? ஃபிலிம்ல வெள்ளி கீதுல்ல. பாலம், ஆறு, இந்திராணி அல்லாம் சேத்தா ஒரு கொலுசு வரும்."

அந்த ஞாயிறு கூட்டத்தில் நான் ஆற்றிய உரையில் எனக்கே கண் கலங்கியது. முப்பத்தெட்டுக் கைகளும் உயர்ந்தன. கை தூக்க மை தேவையில்லை என்பது கையெழுத்து வாங்க அச்சடித்த பாரங்களோடு சைக்கிளில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. பதினெட்டு நாள் அலைந்து சேர்த்தவை ஏழு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது.

மந்தைவெளி வேதாந்தம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாரத்தைக் கண்ணாடி போட்டு ஒரு முறையும் கழற்றி ஒரு முறையும் படித்தார்.

"ஓய் வேம்பு, நீர் எப்படியும் ஒண்ணு வாங்குவீர் இல்லியா?"

"வாங்குவேன்."

"அப்புறம் எனக்கெதுக்கு? செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து குடுத்துடும். வழக்கம்போல."

அடையாறில் ஒருவர் இதையே இங்கிலீஷில் சொன்னார். தி. நகரில் ஜவுளிக்கடை பொன்ராஜ் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்.

"ஒரே படத்த எதுக்கு சார் எல்லாரும் வாங்கணும்? ஒங்ககிட்ட இருந்தா எங்ககிட்ட இருக்க மாதிரிதான?"

சிரித்துவிட்டு வந்தேன். பனகல் பார்க்கைத் தாண்டிய பிறகுதான் பதில் தோன்றியது: 'அப்போ உங்க கடையிலயும் ஒரே ஒரு புடவை வைங்கோ. மாம்பலம் முழுக்க மாத்தி மாத்திக் கட்டிக்கட்டும்.' எனக்குப் பதில்கள் எப்போதும் ஒரு மைல் தள்ளித்தான் வரும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். எதிர்க்காற்று.

இருபத்துநான்காம் தேதி வலியுல்லாவின் அறையில் போய்க் கொட்டினேன். துரோகிகள், கஞ்சப் பிசினாறிகள், கையைத் தூக்கிவிட்டுக் காலை வாருகிறவர்கள். அவர் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"முடிச்சிட்டியா? அந்த நாலாவது ரீல எடு."

பையில்தான் இருந்தது. பட்டினப்பாக்கத்தில் ஒரு வீட்டில் அறுந்துபோய், ஒட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தேன். டப்பாவைத் திறந்ததும் மூடிக்குள் ஒட்டியிருந்த அட்டையை அவர் விரலால் தட்டினார். அதில் இருந்தது என் கையெழுத்து, குண்டு குண்டாக. அதற்குப் பெயர் 'சுற்று'. நானே கண்டுபிடித்த ஏற்பாடு. நான் வாங்கும் ரீல் திங்கள் லஸ், செவ்வாய் மந்தைவெளி, புதன் அடையாறு என்று வீடு வீடாகப் போகும். போன இடத்தையெல்லாம் அட்டையில் எழுதிவைப்பேன். சங்கத்துக்கு நான் செய்த மாபெரும் தொண்டு அதுதான் என்று ஆண்டறிக்கையில் இருக்கிறது. ஆண்டறிக்கையை எழுதியதும் நான்தான்.

வலியுல்லா எண்ணினார். "முப்பத்தோரு ஊடு. அல்லாம் புரொஜெக்டர் வெச்சிக்கினு கீறவன் ஊடு. நாலாவது ரீலு நான் வித்தது எத்தினி தெரியுமா? ஏழு."

தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். பதினெட்டு டப்பாக்கள், சீல்கூடப் பிரிக்காமல்.

"சொல்லவே இல்லையே பாய்."

"நீ கேக்கவேயில்ல."

ரீலை விளக்குக்கு நேரே பிடித்து விரல்களுக்கிடையே ஓடவிட்டார். "இது லஸ்ல அறுந்தது. இது மந்தவெளி வாத்தியாரு, பிளாஸ்திரி போட்டு ஒட்டி அனுப்பிச்சாரு. இது எவனோ தபால்தலை ஓரத்த நக்கி ஒட்னது. இத்தினி ஒட்டும் பிரிச்சு யாரு திரும்ப ஒட்னது? நான். காசு வாங்குனனா? இல்ல. ஏங் கடைய மூடறதுக்கு நானே கோந்து தடவிக்கினு இருந்துகீறேன். நீ நல்ல ஆளு சாமி. கெட்ட ஆளா இருந்தா வாசல்லயே நிறுத்திருப்பேன்."

அவர் குரல் உயரவில்லை. விசிறி மட்டும் கடகடவென்றது. பதினெட்டு நாள் ஊரெல்லாம் தேடிய வில்லனின் பூட்ஸ் என் காலில்தான் இருந்தது. பாட்டா ரப்பர் செருப்பு வடிவில்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். நான்கு ரீல்களையும் தகரப் பெட்டியில் வைத்து, எல்லார் கண்முன்னாலும் பூட்டினேன்.

"சுற்று முடிஞ்சுபோச்சு. புரொஜெக்டர் இருக்கறவாளுக்கு இனிமே என்கிட்டேர்ந்து இரவல் கிடையாது. என் வீட்டுக்கு வந்து பாத்தா பாருங்கோ. உங்க வீட்டுல ஓட்டணும்னா உங்க படத்தை ஓட்டுங்கோ."

முதலில் சிரித்தார்கள். நான் ஏதோ தமாஷ் செய்கிறேன் என்று நினைத்தார்கள். ஆறு வருஷமாக அதைத்தான் செய்துவந்தேன். பிறகு சத்தம் கிளம்பியது. வேதாந்தம் எழுந்து, இது சர்வாதிகாரம், ராஜினாமா செய்கிறேன் என்றார். வாசல்வரை போனார். செருப்பைத் தேடினார். செருப்பு மாட்டினார். திரும்பி வந்தார்.

"அந்தப் பொண்ணு விழுவாளா மாட்டாளாங்கறதை மட்டும் சொல்லிடும். போயிடறேன்."

"எனக்கே தெரியாது. ரீல் வந்தாத்தான் தெரியும்."

"என்ன மனுஷன் ஓய் நீர்" என்று என்னை முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த மத்தியானத்தில் மட்டும் பதினொன்று சேர்ந்தது. யாரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. காபி டம்ளர்களைக்கூடக் கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தார்கள்.

திங்கட்கிழமை பொன்ராஜ் கடைக்குப் போய், ஒரு மைல் தாமதமான அந்தப் புடவைப் பதிலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துணி அளக்கும் கோலைக் கீழே வைத்தார்.

"சார், நான் கேட்டனா? நீங்கதான் மூச்சு வாங்க சைக்கிள் மிதிச்சுக் கொண்டாந்து குடுத்திய. ஐப்பசி மழையில தொப்பலா நனஞ்சு, ரீலுக்கு மட்டும் கொடை புடிச்சுக்கிட்டு வந்திய. வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவியளேன்னு வாங்கி வச்சேன். ரெண்டு வாட்டி ஓட்டாமலே திருப்பிக் குடுத்தேன், தெரியுமா? இப்ப வந்து திருட்டுப்பயல கேக்க மாதிரி கேக்கிய."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பாரத்தை மடித்துப் பையில் வைக்கப் போனேன். பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். நிப்பு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு கீழிருந்த பில் புத்தகம்வரை போனது. "கடசி ரீலு நல்லா இல்லன்னா ஒங்களச் சும்மா விட மாட்டேன்." அன்று கலர் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் ஐந்து பேர் மசிந்தார்கள். இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் கணக்குப் பார்த்தால் இருபத்துநான்கு. தேனாம்பேட்டைக்குப் பறந்தேன்.

"பாய், இன்னொண்ணையும் நானே எடுத்துக்கறேன். எனக்கு ரெண்டு."

"ஒண்ணு பொட்டில, ஒண்ணு சைக்கிள்ல. தெரியும் சாமி ஒன்ன. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். புது ஆளக் கொண்டா. எட்டு மணிக்கு நான் கெளம்பிடுவேன்."

மணி ஆறு. வீட்டுக்கு வந்து பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். சூடாமணி பார்த்தாள்.

"எத்தனை குறையறது?"

"ஒண்ணு."

"குடுங்கோ, போடறேன்."

"உனக்கு எதுக்கு?"

அந்த மாதம் நான் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் ஆகப் பெரிய முட்டாள்தனம்.

"எதுக்கா? நாலு ரீலையும் வேஷ்டிக்குப் பின்னாடி நின்னுண்டு பாத்திருக்கேன். உங்களுக்கு அவ வலது கையால தொங்கறா. எனக்கு இடது கை. அட்டையில எழுதினதெல்லாம் எனக்குத் திரும்பித்தான் தெரியும். பின்னாலேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துண்டேன். நாலாவது ரீல் முடியறச்சே உங்க சங்கத்துக்குப் பால் பொங்கிடுத்து. அவளுக்கு இன்னும் எத்தனை விரல் மிச்சம்னுகூட எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்துல ஒருத்தராவது, 'நீங்களும் இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்கோ'ன்னேளா? ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் வாசல்ல கொண்டுபோய்க் குடுத்தேளே. சமையலுள் என்ன தூரமா?"

பதில் ஒரு மைல் தள்ளிக்கூட இல்லை. அடையாறு பாலம்வரை போயிருந்தாலும் கிடைத்திருக்காது.

"கையெழுத்துப் போடறேன். ஆனா அது என் படம். இந்தாத்துல முதல்ல என்னோடதுதான் ஓடும். நான்தான் ஓட்டுவேன்."

"ஃபிலிம் மாட்டத் தெரியுமா உனக்கு?"

"நீங்க தப்பா மாட்டறதை ஆறு வருஷமா பாத்துண்டிருக்கேன்."

ஏழே முக்காலுக்கு வலியுல்லா அந்தப் பெயரைப் படித்தார். "யாரு இது?"

"என் சம்சாரம்."

"நெஜமா அவங்களே போட்டதா? இல்ல நீயா?"

"அவதான். என்னைத் திட்டிண்டே போட்டா."

"அப்ப சரி" என்று பலகையிலிருந்து பெரிய சுருளை இறக்கினார்.

அக்டோபர் முதல் ஞாயிறு கூடம் நிறைந்திருந்தது. என்னிடம் பேசாதவர்களும் வந்திருந்தார்கள், பேசாமலே உட்கார்ந்தார்கள். சூடாமணி புரொஜெக்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தன் டப்பாவைத் திறந்து, ஃபிலிமை ஒரே தடவையில் மாட்டினாள். எனக்கு எப்போதும் மூன்று தடவையாகும். விளக்கை அணைக்கப் போகும்போது வேதாந்தம் பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"காபி...?"

"ஏன்னா, உங்க சிநேகிதாளுக்குக் காபி" என்றாள் சூடாமணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேஷ்டிக்குப் பின்னால் போனேன். அடுப்பில் பாலை வைத்தேன். புரொஜெக்டர் கரகரக்கத் தொடங்கியது. இந்திராணி என் பக்கம் தோன்றினாள், இடது கையால் தொங்கிக்கொண்டு. விரல்கள் மூன்று மிச்சம். பூட்ஸ் இறங்கியது. ஓர் அட்டை வந்தது. வலியுல்லாவின் சாய்ந்த எழுத்து எனக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றது. எவ்வளவு முறைத்தும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே மூச்சாக, "ஆ" என்றார்கள்.

"என்ன போட்டிருக்கு?" என்றேன்.

வேஷ்டியை ஒட்டி நின்று மறுபடியும் கேட்டேன்.

"சூடா, என்ன எழுதியிருக்கு?"

"பாலைப் பாருங்கோ."

பொங்கிவிட்டது. அணைத்து, துணியால் துடைத்து, நிமிர்ந்தேன். இந்திராணி பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். வில்லனைக் காணவில்லை. அந்தப் பக்கம் கைதட்டல். பொன்ராஜின் விசில்கூடக் கேட்டது.

அவள் எப்படி மேலே ஏறினாள் என்று இருபத்துமூன்று டம்ளர்களையும் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் காபியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.