தொட்டிக் குழியில் கிடைத்த தகடு

தன் பிள்ளை செத்திருக்க வேண்டும் என்று பெற்றவளே வேண்டிக்கொள்வாளா? அந்த அம்மாள் வேண்டிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போர்க்காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரி இருந்த இடத்தில்தான் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. காயம்பட்ட மகனைக் கடைசியாகக் கொண்டுவந்தது இங்கேதான். பிறகு ஆஸ்பத்திரிமேல் குண்டு விழுந்தது. ஆளும் இல்லை, தகவலும் இல்லை. “அவர் காணாமப் போனது இங்கதானே” என்று மருமகள் பிடிவாதம் பிடித்து இங்கேயே வாடகைக்கு வீடு பார்க்க வைத்தாள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

எதிர் பிளாக்கில் பள்ளி வேன் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், தங்கமான மனிதர். மருமகளைப் பெண் கேட்டார். அவளோ, “அவர் எலும்பையாவது காட்டுங்க அத்தை, நீங்க சொல்றவரைக் கட்டிக்கிறேன்” என்றாள். தனக்குப் பின் இவளுக்கு யார் என்ற கவலை மாமியாரை அரித்துத் தின்றது.

அந்த நேரத்தில்தான் புதுத் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழியில் எலும்புகள் கிடைத்தன. வெளியே தெரிந்தால் வீட்டு விலை சரியுமே என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் எல்லோரிடமும் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சினார். அந்த அம்மாள் மகனின் பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு ஓடினாள். சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பில் தகடு வைத்த பிள்ளை.

போலீஸோடு வந்த டாக்டர், குழியில் கிடைத்த தகடு வைத்த எலும்போடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். “உங்க மகனோடதுதாம்மா.”

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“ஆனா இது கால் மட்டும்தான். ஆபரேஷன்ல எடுத்த கை கால்களை இங்க போட்டுப் புதைச்சிருக்காங்க.”

“அப்போ என் புள்ள?”

“காலை எடுத்தப்போ உயிரோட இருந்திருக்கார். அதுக்கப்புறம் என்னாச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா.”

ஒரு பொய் போதும், அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். முழுசாகக் கிடைத்தான், செத்துவிட்டான் என்று சொல்லிவிடுவோம் என மனதைக் கல்லாக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆனால் குடியிருப்புக் காவலாளியின் வாயில் எந்த ரகசியம் நின்றது? அவன் முந்திப் போய் மருமகளிடம் சொல்லிவிட்டான். கதவு விரியத் திறந்து கிடந்தது. மருமகள் நடையிலிருந்த செருப்பு அலமாரியை மூச்சிரைக்க இழுத்துக்கொண்டிருந்தாள். கால் துடைக்கும் மிதியடி ஏற்கெனவே வெளியே கிடந்தது.

“கால் மட்டும்தானாமே அத்தை! ஊன்றுகோலோட வர்றவருக்கு இது தடுக்கும். வேன்காரர்கிட்ட இனிமே பேச்சே வேண்டாம்னு சொல்லிடுங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து மாமியார் பார்த்ததில்லை. கொண்டுவந்த பொய் இனி எதற்கு?

“நகருடி, நீ ஒருத்தியா இழுக்காதே” என்று சொல்லிவிட்டு, அலமாரியின் மறுமுனையைப் பிடித்தாள்.